தண்டு, விதை, பூ: கென்டக்கி மண்ணில் கஞ்சாச் செடியின் வரலாறு

2014 மே மாதத்தில் அமெரிக்காவின் கென்டக்கி மாநில வேளாண் துறை, அந்நாட்டு மத்திய அரசின் போதைப்பொருள் தடுப்பு முகமை மீது வழக்குத் தொடுத்தது. இத்தாலியிலிருந்து தருவித்த 250 பவுண்டு விதை, அதாவது சுமார் 113 கிலோ, லூயிவில் நகரச் சுங்கத்தில் முடக்கி வைக்கப்பட்டிருந்ததே காரணம். அது ஹெம்ப் விதை. நாருக்காகவும் எண்ணெய்க்காகவும் வளர்க்கப்படும், போதை ஏறத்தாழ இல்லாத கஞ்சா வகையை ஹெம்ப் என்கிறார்கள். வழக்குக்குப் பிறகு விதை விடுவிக்கப்பட்டு, மே 27ஆம் தேதி கென்டக்கிப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பண்ணையில் விதைக்கப்பட்டது. இதே கென்டக்கிதான் 1860இல் அமெரிக்காவில் விளைந்த மொத்த ஹெம்ப்பில் பாதிக்கும் மேல் விளைவித்தது. இரண்டாம் உலகப்போர்வரை நாடு முழுவதற்கும் விதை கொடுத்தது. அப்படிப்பட்ட மாநிலம் சில மூட்டை விதைக்காக நீதிமன்றப் படியேறும் நிலைக்கு எப்படி வந்தது? சட்டம் வந்து நல்ல பயிரை அழித்துவிட்டது என்பார்கள் சிலர். போதையோடு உறவாடும் பயிருக்கு இதுதான் கதி என்பார்கள் வேறு சிலர். இந்த இரண்டு விடைகளும் போதவில்லை. இந்தச் செடியின் ஏற்ற இறக்கத்தை ஒவ்வொரு காலத்திலும் முடிவு செய்தது, அதன் எந்த உறுப்புக்குச் சந்தையில் விலை இருந்தது என்பதுதான். முதலில் தண்டு, பிறகு விதை, கடைசியில் பூ. உறுப்புகளைப் பிரித்துப் பார்க்காமல் முழுச் செடியையும் ஒரே கயிற்றில் கட்ட முயன்ற சட்டங்கள் நல்ல பயனைத் தடுத்தன, தீமையையும் தடுக்கவில்லை. கென்டக்கியின் அனுபவம் இதற்குத் தெளிவான சான்று.

முதலில் செடியின் உடலமைப்பைப் பார்த்துவிடலாம். தாவரவியல் கணக்கில் ஹெம்ப்பும் போதைக் கஞ்சாவும் ஒரே இனம், கன்னாபிஸ் சடைவா. ஓராண்டுப் பயிர்; பெரும்பாலும் ஆண் செடி தனி, பெண் செடி தனி. தண்டின் பட்டைக்குள் நீண்ட நார்ச் செல்கள் கட்டுக்கட்டாக ஓடுகின்றன. பெக்டின் என்ற பசைப்பொருள் அவற்றை உள்மரத்தோடு ஒட்டிவைத்திருக்கிறது. விதையில் எண்ணெயும் புரதமும் உண்டு, போதைப்பொருள் இல்லை. போதைக்குக் காரணமான டிஎச்சி, பெண் பூவைச் சூழ்ந்த சிற்றிலைகளின் மேல் காளான் வடிவில் நிற்கும் நுண்ணிய சுரப்பி மயிர்களில்தான் அதிகம் உருவாகிறது. 1964இல் இஸ்ரேலில் கயோனி, மெக்கூலம் என்ற இரு வேதியியலாளர்கள் அந்தப் பொருளைத் தூய நிலையில் பிரித்தெடுத்து அதன் கட்டமைப்பைச் சொன்னார்கள். ஒரே மூலப்பொருளிலிருந்து ஒரு நொதி டிஎச்சியின் அமில வடிவத்தையும், இன்னொரு நொதி மயக்கம் தராத சிபிடியின் அமில வடிவத்தையும் உண்டாக்குகின்றன. ஒரு செடியில் எந்த நொதி வலுவாக இருக்கும் என்பதை மரபணு தீர்மானிக்கிறது; ஹெம்ப் வகைகளில் இரண்டாம் நொதியே ஓங்கியிருக்கும். உறுப்புக்கேற்ப உழவும் மாறும் என்பதை ஆண் செடியை வைத்தே அறியலாம். நார் வேண்டுவோர், ஆண் செடிகள் மகரந்தம் உதிர்க்கும் பருவத்தில் வயல் முழுவதையும் அறுத்துவிடுவார்கள். விதை வேண்டுவோர் மகரந்தம் சேரும்வரை காத்திருந்து, அதன்பிறகு ஆண் செடிகளைப் பிடுங்குவார்கள். போதைப் பூ வேண்டுவோர் மகரந்தம் உதிர்வதற்கு முன்பே ஆண் செடிகளைத் தேடிப் பிடுங்கி எறிவார்கள், ஏனெனில் விதை பிடித்த பூவுக்கு மதிப்புக் குறைவு. இனம் ஒன்றானாலும் வேளாண்மை மூன்று.

கென்டக்கியில் முதல் ஹெம்ப் பயிர் 1775இல் டேன்வில் அருகே விளைந்தது. லெக்சிங்டனைச் சுற்றியுள்ள புளூகிராஸ் வட்டாரத்தின் சுண்ணாம்புக்கல் மண் வளமானது, ஆழமானது. செடி அங்கே ஆள் உயரத்தைத் தாண்டி நெடுநெடுவென வளர்ந்தது. ஆனால் மண் மட்டும் ஒரு தொழிலை உருவாக்கிவிடாது. தெற்கு மாநிலங்களில் பருத்தி பெருகியபோது, பொதிகளைச் சுற்றுவதற்கு முரட்டுத் துணியும் கட்டுவதற்குக் கயிறும் மலைமலையாகத் தேவைப்பட்டன. கென்டக்கியின் ஹெம்ப் பெரும்பாலும் அந்தத் துணியாகவும் கயிறாகவும் மாறி, ஒஹாயோ, மிசிசிப்பி ஆறுகளின் வழியே தெற்கே போனது. அமெரிக்க அரசியலில் பெரும்புள்ளியாக இருந்த ஹென்றி கிளே, லெக்சிங்டன் அருகே ஆஷ்லண்ட் என்ற தம் பண்ணையில் ஹெம்ப் பயிரிட்டவர். இறக்குமதியாகும் ஹெம்ப்புக்கும் பொதித்துணிக்கும் வரி போட வேண்டும் என்று அவர் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசில் வாதாடினார். 1824ஆம் ஆண்டின் சுங்கவரிச் சட்டத்தில் அந்தக் காப்பு கிடைத்தது. கடற்படையோ கென்டக்கி நாரை விரும்பவில்லை. ரஷ்யாவில் ஹெம்ப் தண்டுகளை நீரில் ஊறப்போட்டு நார் எடுத்தார்கள். அது கப்பல் கயிற்றுக்கு ஏற்றது. கென்டக்கியில் தண்டுகளை வயலிலேயே பரப்பிப் பனியில் நனையவிட்டார்கள். நிறம் மங்கிய அந்த நார் பொதித்துணிக்குப் போதும், பாய்மரக் கப்பலின் வடத்துக்குப் போதாது என்பது கடற்படையின் கணிப்பு. ஆக, தொடக்கத்திலிருந்தே இந்தத் தொழில் இரண்டு ஊன்றுகோல்களில் நின்றது: ஒன்று தெற்கின் பருத்தி, மற்றொன்று சுங்கவரி. மூன்றாவதாக ஒன்று இருந்தது, அதுதான் எல்லாவற்றையும்விடக் கொடியது.

நாரைப் பிரிக்கும் வேலையை அருகில் சென்று பார்த்தால் அது விளங்கும். கோடை முடிவில் அறுத்த தண்டுகளைக் கூம்புகளாக நிறுத்திவைத்து, குளிர் தொடங்கியதும் மறுபடி வயலில் பரப்புவார்கள். பனி ஈரத்தில் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் பெருகிப் பெக்டின் பசையைத் தின்னும். கயிற்றுக்காகத் தேங்காய் மட்டையைக் காயல் நீரில் ஊறப்போடும்போது நடப்பதும் இதே வேலைதான். சில வாரங்களில் பட்டை உள்மரத்தை விட்டு நழுவத் தொடங்கும். நாள் குறைந்தால் நார் பிரியாது, நாள் கூடினால் நாரே அழுகிப் போகும். பிறகு நடுக்குளிரில், வயலில் நிறுத்திய கனத்த மரச் சட்டத்தின் பற்களுக்கிடையே ஒரு கைப்பிடி தண்டுகளை வைத்து, மேல்தாடையைத் தூக்கித் தூக்கி அடித்து உள்மரத்தை நொறுக்க வேண்டும். சக்கை பொலபொலவென உதிரும். அதையே குவித்து எரித்துக் குளிர்காய்வார்கள். இந்த வேலையைச் செய்தவர்கள் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள். ஒரு நாளுக்கு 100 பவுண்டு நார் என்பது வழக்கமான பணி அளவு; அதைத் தாண்டி எடுக்கும் பவுண்டுக்கு ஒரு சென்ட் தருவதும் வழக்கம். லெக்சிங்டனின் கயிற்றுக் கூடங்களிலும் துணி ஆலைகளிலும் அடிமைச் சிறுவர்கள்கூட நூற்றார்கள், சுற்றினார்கள். புழுதி நிறைந்த, முதுகை முறிக்கும் இந்த உழைப்பைக் கூலிக்குச் செய்ய வெள்ளையர் முன்வரவில்லை. ஹெம்ப்பின் பொற்காலம் என்று இன்று பேசப்படும் காலம், விளைவித்த பெரும்பாலோருக்கு விடுதலை இல்லாத காலம். இதை ஒதுக்கிவைத்துவிட்டுப் பயிரின் புகழை மட்டும் பாடுவது வரலாற்றுக்கும் நியாயமில்லை, பயிர் ஏன் வீழ்ந்தது என்ற கேள்விக்கும் விடை தராது.

அமெரிக்க உள்நாட்டுப் போர் பருத்தி, அடிமை உழைப்பு என்ற இரண்டு ஊன்றுகோல்களை ஒருசேர ஆட்டியது. போர்க்காலத்தில் தெற்கின் பருத்திச் சந்தை கென்டக்கிக்கு மூடிக்கொண்டது. 1865இல் அடிமை முறை ஒழிந்ததும், மரச் சட்டத்தில் நார் நொறுக்கும் வேலைக்கு உண்மையான கூலி கொடுக்க வேண்டி வந்தது. பருத்தி மீண்டும் தலையெடுத்தபோது பொதிகளைச் சுற்ற வங்காளத்துச் சணல் வந்து சேர்ந்தது. 1855இல் கொல்கத்தா அருகே ரிஷ்ராவில் முதல் சணல் ஆலை தொடங்கிய பிறகு அந்தத் தொழில் ஹூக்ளிக் கரை நெடுகப் பரவியிருந்தது. இந்திய உழவரின், ஆலைத் தொழிலாளரின் குறைந்த கூலியில் உருவான சணல் துணியோடு கென்டக்கித் துணியால் போட்டியிட முடியவில்லை. பொதியைக் கட்டக் கயிற்றுக்குப் பதில் இரும்புப் பட்டை வந்தது. கடலில் பாய்மரம் போய் நீராவி வந்தது. கப்பல் கயிற்றுக்கு மணிலாவின் அபாக்கா நாரும் எஃகு வடமும் வந்தன. அதே ஆண்டுகளில், ஒஹாயோ ஆற்றங்கரையில் கண்டெடுக்கப்பட்ட வெள்ளை பர்லி என்ற புதிய புகையிலை வகை புளூகிராஸ் மண்ணில் நன்றாகக் காசு கொடுத்தது. உழவர்கள் கணக்குப் பார்த்தார்கள், மாறினார்கள். முதல் உலகப்போரின்போது விலை ஏறிச் சிறிது காலம் பயிர் மீண்டது. போர் முடிந்ததும் மறுபடி சுருங்கியது. இவ்வளவும் நடந்து முடிந்தபோது கஞ்சாவைத் தடுக்கும் மத்தியச் சட்டம் எதுவும் அமெரிக்காவில் இல்லை. தண்டின் காலத்தை முடித்தது காவல்துறை அல்ல. சணலும் இரும்பும் புகையிலையும், இலவச உழைப்பின் முடிவும்தான்.

இங்கே ஒரு மறுப்பு எழும். 1937ஆம் ஆண்டின் மரிஜுவானா வரிச் சட்டம் ஒரு சதி என்றும், காகித வியாபாரத்தில் ஈடுபாடு கொண்ட பத்திரிகை முதலாளி ஹெர்ஸ்ட், நைலானைக் கண்டுபிடித்த டுபாண்ட் நிறுவனம் போன்ற பெரும் சக்திகள் ஹெம்ப்பின் போட்டிக்கு அஞ்சி அதை ஒழித்தன என்றும் பலர் எழுதுகிறார்கள். சட்டத்தை முன்னின்று நடத்திய ஹாரி ஆன்ஸ்லிங்கர் அச்சத்தையும் இனவெறுப்பையும் கிளறினார் என்பது உண்மை; அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சார்பில் வில்லியம் உட்வர்ட் எதிர்த்துப் பேசியும் சட்டம் நிறைவேறியது. ஆனால் சதிக் கதை காலவரிசையோடு பொருந்தவில்லை. கென்டக்கியில் நார்ப் பயிர் வீழ்ந்தது அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே. நைலான் முதலில் பல்துலக்கும் தூரிகைக்கும் பெண்களின் காலுறைக்கும் போனது. அவை ஹெம்ப்பின் சந்தைகள் அல்ல. பத்திரிகை முதலாளிக்குக் காகிதம் மலிவாகக் கிடைப்பதுதான் லாபம், விலை ஏறுவது அல்ல. சட்டத்தின் வாசகமும் சதிக்கு ஒத்துவரவில்லை. முதிர்ந்த தண்டு, அதிலிருந்து எடுக்கும் நார், விதை எண்ணெய், முளைக்காதபடி செய்த விதை ஆகியவற்றை அந்தச் சட்டம் விலக்கி வைத்தது. உறுப்பு வாரியாகப் பிரித்துப் பார்த்த சட்டம் அது. அந்த ஒரு விஷயத்தில் பிற்கால நடைமுறையைவிடத் தெளிவானது. அதன் குறை வேறிடத்தில் இருந்தது. பதிவும் வரியும், தண்டோடு ஒட்டியிருக்கும் காய்ந்த இலை பற்றிய கெடுபிடியும் சேர்ந்து, ஏற்கெனவே லாபம் மெலிந்திருந்த பயிரைத் தொடவே உழவர் தயங்கும்படி செய்தன. விழுந்தவனை எழவிடாமல் வைத்தது அந்தச் சட்டம். தள்ளிவிட்டது அது அல்ல.

தண்டின் மதிப்பு சரிந்த பிறகும் கென்டக்கி முற்றிலும் கைவிடாத ஒன்று விதை. கென்டக்கி ஆற்றின் படுகைகளில் செடிகளைப் பரந்த இடைவெளியில் நட்டு, கிளை விடச்செய்து, விதைக்காகவே வளர்த்தார்கள். அமெரிக்க வேளாண் துறையின் தாவரவியலாளர் லிஸ்டர் டூயி 1913இல் எழுதிய விரிவான ஆய்வுரை, அன்று நாட்டில் விளைந்த ஹெம்ப் ஏறத்தாழ அனைத்தும் சீன விதை வழி வந்தது என்றும், கென்டக்கியில் வளர்ந்து பழகிய அந்த வகையே 'கென்டக்கி ஹெம்ப்' என்றும் சொல்கிறது. இதன் அருமை பகலொளியின் நீளத்தில் இருக்கிறது. இரவு நீண்டு பகல் குறையும்போதுதான் இந்தச் செடி பூக்கும். பூக்கத் தொடங்கியதும் தண்டின் வளர்ச்சி அடங்கிவிடும். வட ஐரோப்பாவின் நெடும்பகலுக்குப் பழகிய வகையைத் தெற்கே கென்டக்கியின் அட்சரேகையில் விதைத்தால், அங்குள்ள குறுகிய பகலைக் கண்டு முன்கூட்டியே பூத்துத் தண்டு குட்டையாக நின்றுவிடும். கென்டக்கியின் அட்சரேகைக்கு இசைந்த, தாமதமாகப் பூக்கும் விதை என்பது பல தலைமுறை உழவர்கள் தேர்ந்தெடுத்துச் சேர்த்த அறிவு. 1942இல் ஜப்பான் பிலிப்பைன்சைக் கைப்பற்றி மணிலா நார் வரத்து நின்றபோது, அதன் மதிப்பு நாட்டுக்கே புரிந்தது. முந்தைய ஐந்தாண்டாகக் கெடுபிடி செய்த அதே அரசு, ஹெம்ப் பயிரிடும்படி உழவர்களை வேண்டிப் படம் எடுத்துக் காட்டியது. கென்டக்கியில் விதை பெருக்கினார்கள். அது மத்திய மேற்கு மாநிலங்களுக்குப் போனது. 1943இல் நாடு முழுவதும் ஏறத்தாழ 1,46,000 ஏக்கர் அறுவடையானது. போர் முடிந்ததும் ஆலைகள் மூடின, விதை வாங்க ஆளில்லை. பேணுவார் இன்றி அந்த விதை வரிசைகள் மறைந்தன. 2014இல் இத்தாலியிலிருந்து விதை வர வேண்டியிருந்ததன் காரணம் இதுவே. ஒரு தொழிலை மீட்கலாம். கைவிட்ட விதையை அதே வடிவில் மீட்க முடியாது.

மூன்றாவது காலம் பூவுடையது. அது சட்டத்துக்கு வெளியே தொடங்கியது. 1970ஆம் ஆண்டின் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்கள் சட்டம் கஞ்சாவை மிகக் கடுமையான முதல் பட்டியலில் வைத்தது. அதன் வரையறையில் தண்டுக்கும் நாருக்கும் விலக்கு எஞ்சியிருந்தும், உயிருள்ள செடி ஒவ்வொன்றும் நடைமுறையில் போதைச் செடியாகவே நடத்தப்பட்டது. அதே காலத்தில் நகரங்களில் பூவுக்கு விலை எகிறியது. கென்டக்கியின் மேரியன் கவுண்டி போன்ற இடங்களில், மண்ணையும் பருவத்தையும் தலைமுறையாக அறிந்த, புகையிலையில் வருமானம் போதாத உழவர் குடும்பங்களில் சிலர் மக்காச்சோளக் கொல்லைகளுக்கு நடுவே பெண் செடிகளை ஒளித்து வளர்த்தார்கள். 1989இல் மத்திய அரசு வழக்கறிஞர்கள் அறிவித்த ஒரு வழக்கில், கென்டக்கிக்காரர்கள் சுமார் 70 பேர் பத்து மாநிலங்களில் ஏறத்தாழ 30 பண்ணைகளில் 182 டன் கஞ்சா வளர்த்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. தடை உச்சத்தில் இருந்த காலத்தில்தான் இந்த அளவு விளைச்சல் நடந்தது. தடையே பூவின் விலையை ஏற்றியது; ஏறிய விலை ஆபத்தை ஏற்கும் ஆட்களைக் கொண்டுவந்தது. தண்டையும் விதையையும் விளைவிக்க யாரும் சிறைக்குத் துணிய மாட்டார்கள், ஏனெனில் அவற்றில் அவ்வளவு லாபம் இல்லை. ஆகவே ஒட்டுமொத்தத் தடையின் விளைவு தலைகீழாக அமைந்தது: தீங்கற்ற உறுப்புகளின் வேளாண்மை முற்றிலும் நின்றது, தடுக்க நினைத்த உறுப்பின் வேளாண்மை செழித்தது.

இதற்குக் காவல்துறை சொன்ன பதில் எளிமையானது: வயலில் நிற்கும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன, ஹெம்ப்பை அனுமதித்தால் அதன் மறைவில் கஞ்சா வளர்ப்பார்கள். 1996இல் நடிகர் உட்டி ஹேரல்சன், கென்டக்கியின் லீ கவுண்டியில் எல்லோர் முன்னிலையிலும் நான்கே நான்கு ஹெம்ப் விதைகளை நட்டுக் கைதானார். மாநிலச் சட்டம் ஹெம்ப்பையும் கஞ்சாவாகவே கருதலாம் என்று கென்டக்கி உச்ச நீதிமன்றம் 2000இல் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் ஜூரி அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தது. சட்டத்தின் எழுத்துக்கும் ஊராரின் நியாய உணர்வுக்கும் இடையே விழுந்திருந்த இடைவெளி அதில் தெரிந்தது. காவல்துறையின் கவலையை அலட்சியம் செய்யக் கூடாது. ஆனால் உயிரியல் அதற்கு நல்ல பதில் வைத்திருக்கிறது. நார் ஹெம்ப்பை நெருக்கமாக விதைப்பார்கள்; கிளையின்றி நேராக எழும். போதைப் பூவுக்கான செடிக்கு அகலமான இடம் வேண்டும், புதர்போலக் கிளைக்கும். அதைவிட முக்கியம் மகரந்தம். காற்றில் வெகுதூரம் பரவும் ஹெம்ப் மகரந்தம் பட்டால் பெண் பூக்களில் விதை பிடித்துவிடும், போதைத் தரம் கெட்டுவிடும். ஹெம்ப் வயலின் நடுவே கஞ்சாவை ஒளிப்பது, அந்தக் கஞ்சாவைத் தானே கெடுத்துக்கொள்ளும் வேலை. போதைப்பொருள்கள் பற்றிய 1961ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கையே நாருக்காகவும் விதைக்காகவும் பயிரிடுவதைத் தன் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கியிருக்கிறது.

கதவு திறந்தது பயிரியல் வாதத்தால் மட்டுமல்ல. 2004இல் புகையிலை ஒதுக்கீட்டு முறையை மத்திய அரசு இழப்பீடு கொடுத்து முடித்துவைத்ததும், கென்டக்கியின் சிறு உழவர்கள் மாற்றுப் பயிர் தேடினார்கள். மாநில வேளாண் ஆணையர் ஜேம்ஸ் கோமரும் செனட்டர் மிட்ச் மக்கானலும் ஹெம்ப்பைத் தூக்கிப்பிடித்தார்கள். 2014ஆம் ஆண்டின் மத்திய வேளாண் சட்டம் ஆய்வுச் சாகுபடியையும், 2018ஆம் ஆண்டின் சட்டம் வணிகச் சாகுபடியையும் அனுமதித்தன. எல்லைக்கோடு ஒரு எண்: உலர் எடையில் டிஎச்சி 0.3 விழுக்காட்டைத் தாண்டாத கஞ்சா ஹெம்ப், தாண்டினால் போதைப்பொருள். இந்த எண்ணை இயற்கை வகுத்த எல்லை என்று பலர் நினைக்கிறார்கள். கனடாவின் எர்னஸ்ட் ஸ்மாலும் அமெரிக்காவின் ஆர்தர் கிரான்குவிஸ்ட்டும் 1976இல் இந்த இனத்தை இரு துணையினங்களாகப் பிரிக்க வசதியாக வைத்துக்கொண்ட கோடு அது. தங்கள் தேர்வு என்றே அவர்கள் அதைச் சொன்னார்கள். வகைப்பாட்டியலுக்கு உதவிய கோடு, ஒரு உழவனின் விளைச்சல் சந்தைக்கா தீக்கா என்று முடிவு செய்யும் கோடாக மாறியது. கோடு எங்காவது போட்டுத்தானே ஆக வேண்டும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் சோதனைக்கு எடுப்பது செடியின் பூ நுனி. அதைக் கொண்டு தண்டு விற்கும் உழவனையும் பூ விற்கும் உழவனையும் ஒரே தராசில் நிறுத்துகிறார்கள். போதைக்குப் பயன்படவே முடியாத தண்டுக்கு இந்தக் கோடு தேவையற்ற சுமை; சாறு எடுத்துச் செறிவூட்டப்படும் பூவுக்கு இதே கோடு போதாத காவல்.

சட்டம் திறந்ததும் கென்டக்கி உழவர்கள் நாடியது தண்டையோ விதையையோ அல்ல, பூவைத்தான். குழந்தைகளின் சில கடும் வலிப்பு நோய்களுக்குத் தூய சிபிடி மருந்தை அமெரிக்க அரசு 2018இல் அங்கீகரித்திருந்தது. அந்தப் பெயரைப் பற்றிக்கொண்டு தூக்கமின்மை முதல் மூட்டுவலி வரை எல்லாவற்றுக்கும் சிபிடி எண்ணெய் விற்பனைக்கு வந்தது. 2019இல் மாநிலத்தில் சுமார் 26,500 ஏக்கரில் ஹெம்ப் நடப்பட்டது. அதில் மிகப் பெரும்பகுதி சிபிடி பூவுக்காக. இங்கே உயிரியல் உழவரைக் கிடுக்கியில் நிறுத்தியது. சிபிடியை உண்டாக்கும் நொதி அவ்வளவு சுத்தமாக வேலை செய்வதில்லை. இருபது, முப்பது பங்கு சிபிடிக்கு ஒரு பங்கு என்ற கணக்கில் டிஎச்சியையும் சேர்த்தே உண்டாக்குகிறது. பூ முதிர முதிர இரண்டும் சேர்ந்தே ஏறும். டிஎச்சி 0.3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றால், சிபிடி ஆறு முதல் ஒன்பது விழுக்காட்டுக்குள் நின்றாக வேண்டும். விலையோ சிபிடி அளவுக்கேற்ப. முன்கூட்டி அறுத்தால் விலை குறையும், காத்திருந்தால் சோதனையில் தோற்று வயலையே அழிக்க நேரும். அந்த ஆண்டே நாடெங்கும் விளைச்சல் தேவையைப் பல மடங்கு மீறியது, விலை சரிந்தது, 2020இல் கென்டக்கியின் மிகப் பெரிய பதனிடும் நிறுவனங்களில் ஒன்று திவாலானது, அதை நம்பி விளைவித்த உழவர்களுக்குப் பணம் வரவில்லை. சில ஆண்டுகளில் மாநிலத்தின் பரப்பு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது. ஹெம்ப் வந்தால் உழவன் வாழ்வான் என்ற நம்பிக்கைக்கு வரலாறு சொல்லும் விடை இதுதான்: வாங்குவோரும் பதனிடும் ஆலையும் நிலையான சந்தையும் இல்லாமல் எந்தச் செடியும் யாரையும் காப்பாற்றாது. 1860இல் பருத்தியை மட்டும் நம்பியது போலவே 2019இல் ஒரே ஒரு மூலக்கூற்றை நம்பினார்கள்.

விலை போகாமல் குவிந்த சிபிடி வேறு வழி தேடியது. அமிலத்தைக் கொண்டு சிபிடியை டெல்டா-8 என்ற, டிஎச்சியின் நெருங்கிய உறவான மயக்கப் பொருளாக மாற்ற முடியும். 2018ஆம் ஆண்டின் வரையறையில் ஹெம்ப்பின் எல்லாச் சாறுகளும் வழிப்பொருள்களும், அதே அணுக்கள் மாறி அமைந்த ஐசோமர்களும் அடக்கம் என்பதால், இது சட்டப்படி ஹெம்ப் என்று விற்பவர்கள் வாதிட்டார்கள். கென்டக்கி நீதிமன்றம் ஒன்று 2022இல் அதை ஏற்றது. விழுக்காட்டுக் கோட்டின் பலவீனம் இன்னொரு வழியிலும் வெளிப்பட்டது. 5 கிராம் எடையுள்ள ஜெல்லி மிட்டாயில் 0.3 விழுக்காடு என்பது 15 மில்லிகிராம். மருத்துவக் கஞ்சாவை அனுமதித்துக் கென்டக்கி 2023இல் இயற்றிய சட்டம், உண்ணும் பண்டத்தில் ஒரு வேளைக்கு வைத்த உச்சவரம்பே 10 மில்லிகிராம்தான். அதாவது மருத்துவர் பரிந்துரையோடு ஒரு வேளைக்குப் பெறக்கூடியதைவிட அதிகமான டிஎச்சியை, எடை கூடிய மிட்டாயில் வைத்துப் பெட்ரோல் பங்குக் கடையில் 'ஹெம்ப்' என விற்க முடிந்தது. காய்ந்த இலைக்காகப் போட்ட கோட்டை மிட்டாய்க்குப் போட்டதன் பலன் இது. மாநிலம் விழித்துக்கொண்டு டெல்டா-8 வாங்க 21 வயது வரம்பையும், உறைமேல் விவரம் அச்சிடும் விதியையும் 2023இல் கொண்டுவந்தது. 2025 நவம்பரில் மத்திய அரசு மறுமுனைக்குப் பாய்ந்தது: ஓராண்டுக்குப் பிறகு, நுகர்வோர் வாங்கும் ஒரு பொதிக்கு 0.4 மில்லிகிராமுக்கு மேல் டிஎச்சி இருந்தால் அது ஹெம்ப் அல்ல. 2018இல் கதவைத் திறந்த மக்கானலே இதையும் முன்னெடுத்தார். கென்டக்கியின் மற்றொரு செனட்டர் ராண்ட் பால் எதிர்த்தும் பயனில்லை. 15 மில்லிகிராமிலிருந்து 0.4க்கு விழும் இந்த வரம்பில், மயக்கம் தராத பல சிபிடி எண்ணெய்களும் தற்செயலாகக் கலந்த டிஎச்சியால் சிக்கிக்கொள்ளும்.

இந்தக் கடுமையை ஆதரிப்பவர்களின் கவலையைத் தட்டிக்கழிக்க முடியாது. மிட்டாய் என்று நினைத்துக் குழந்தைகள் தின்றுவிடுகிறார்கள்; வளரும் மூளைக்கு டிஎச்சி நல்லதல்ல; அமில வேதியியலில் என்னென்ன எச்சங்கள் தங்குகின்றன என்று வாங்குபவருக்குத் தெரிவதில்லை. எனவே கட்டுப்பாடு வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் எதைக் கட்டுப்படுத்துவது என்பதில்தான் பல பத்தாண்டுகளாகக் குழப்பம். மனிதனின் உடலுக்குள் போவது செடி அல்ல, ஒரு பண்டத்தில் உள்ள இத்தனை மில்லிகிராம் பொருள். அதை அளந்து, வயது வரம்பிட்டு, சோதித்து, உறையில் அச்சிட்டு, மிட்டாய் வடிவத்தைத் தடுத்து ஒழுங்குபடுத்தலாம். மதுவுக்கு அந்த மாநிலம் செய்வதும் அதுவே. மக்காச்சோளத்திலிருந்து பர்பன் விஸ்கி வடிக்கும் கென்டக்கி அதற்காக அந்தப் பயிரைத் தடைசெய்யவில்லை. நாருக்காகவும் விதைக்காகவும் விளையும் செடியை மற்ற பயிர்களைப்போல விட்டுவிடலாம். சான்றளித்த விதை, பயிரின் நோக்கம் பற்றிய பதிவு, பூ சந்தைக்குப் போகிறதா என்ற சோதனை ஆகியவை போதும். பூவுக்குத் தனிக் கட்டுப்பாடு, அதிலிருந்து வரும் பண்டத்துக்கு அளவு வரம்பு. இப்படிப் பிரித்தால் கடுமையைத் தேவையான இடத்தில் முழுதாகக் காட்டலாம்.

உறுப்பைப் பார்த்து விலை போடுவது சந்தை. அதைக் கென்டக்கி நமக்கு மூன்று முறை காட்டிவிட்டது. பொதித்துணி வேண்டியபோது தண்டு, போர்க்காலத்தில் விதை, நகரங்களின் ஆசைக்கும் நோயாளிகளின் நம்பிக்கைக்கும் பூ. ஒவ்வொரு முறையும் இழப்பைச் சுமந்தவர்கள் வயலில் நின்றவர்கள்: மரச் சட்டத்தில் முதுகொடிந்த அடிமைகள், விதையை இழந்த உழவர்கள், விலை சரிந்தபோது கடனோடு நின்ற புகையிலைக் குடும்பங்கள். அடுத்த சட்டம் எழுதுபவர்கள் செடியின் பெயரைப் பார்த்து அஞ்சாமலும் அதன் பெருமையைக் கேட்டு மயங்காமலும், எந்த உறுப்பு, எந்தப் பண்டம், எந்த அளவு, யார் கைக்குப் போகிறது என்ற நான்கு கேள்விகளைக் கேட்டாலே போதும். அந்தக் கேள்விகளுக்கான விடைகளைத் தாவரவியலும் வேதியியலும் ஏற்கெனவே தந்துவிட்டன. அவற்றைச் சட்டமாக்கும் பொறுப்பு மட்டும் மிச்சமிருக்கிறது.